சம்பளம் கொடுத்த மாதத்தைச் சேவை மாதமாக ஏற்றுக்கொள்ளுங்கள்

திருகோணமலை மாவட்ட ஆசிரியர்களின் ஓய்வூதியக் கோப்புகளைப் பார்த்துக் கையொப்பமிடும் அதிகாரிகள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் காலமெல்லாம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கோப்பு மறுபடியும் திரும்பி வந்திருக்கிறது. மேலே குத்தியிருக்கும் துண்டில் இரண்டே வரி. 2006 ஓகஸ்ட் தொடக்கம் 2007 ஏப்ரல் வரையான சேவையை உறுதிப்படுத்தவும். அக்காலப் பாடசாலை அதிபரின் கடிதத்தையும் வரவு இடாப்பின் உறுதிப்படுத்திய பிரதியையும் இணைக்கவும். அதிபர் காலமாகிவிட்டார். இடாப்பு இருந்த அலுமாரி, கூரை போன கட்டடத்துக்குள் மாரி மழையில் நனைந்து உக்கிப்போனது. துண்டை எழுதியவருக்கு இது தெரியாமலிராது. அவரும் இந்த மாவட்டத்தில்தான் உத்தியோகம் பார்க்கிறார்.

போர் நடந்த அந்த மாதங்களில் மக்கள் எப்படி இடம்பெயர்ந்தார்கள் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மாவிலாறு, மூதூர், சம்பூர், வெருகல், வாகரை என்று ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொன்னாலே போதும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: இடம்பெயர்ந்திருந்த காலத்தில் எந்த மாதத்துக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்ததோ, அந்த மாதத்தைச் சேவை மாதமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்பது மாதம்தானே, விட்டுவிட்டுப் போனால் என்ன என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். சொல்பவர்கள் சேவை வரலாற்றுத் தாளை நிரப்பிப் பார்த்ததில்லை போலும். உறுதிப்படாத காலம் சம்பளமற்ற லீவாகக் கணிக்கப்பட்டால் முதலில் ஓய்வூதியத்துக்குரிய மாதங்கள் குறைகின்றன. 360 மாதம் 351 ஆகிறது. அதோடு முடிவதில்லை. வருடாந்தச் சம்பள ஏற்றத் திகதி ஒன்பது மாதம் பின்னுக்குப் போகிறது. அது போனால் தரமுயர்வுத் திகதியும் போகிறது. அரச ஊழியர் சம்பளத்தை மாற்றியமைத்த 3/2016 அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கைப்படி 2016 ஜனவரி 1இல் செய்த சம்பள மாற்றம் பிழையாகிறது. அதன்பின் வந்த ஒவ்வொரு படிநிலையும் பிழையாகிறது. இத்தனை வருடமும் கூடுதலாகச் சம்பளம் எடுத்துவிட்டீர்கள் என்று ஒரு மேலதிகக் கொடுப்பனவுக் கணக்குத் தயாராகி, பணிக்கொடையில் கழிப்பதற்காக வந்து நிற்கிறது. மகளின் கலியாணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ என்று எண்ணியிருந்த காசு அது.

இந்த ஓட்டை எப்படி விழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பழி ஆசிரியர் தலையில் மட்டும் விழுகிறது. 2006இல் மூன்று காரியங்கள் ஒன்றாக வந்து மோதின. ஆசிரியர்களும் பிள்ளைகளும் வீதியில் நின்றார்கள். 6/2006 சுற்றறிக்கைப்படி எல்லோருடைய சம்பளத்தையும் புதிய அளவுத்திட்டத்துக்கு மாற்றும் வேலை கல்விப் பணிமனைகளில் நடந்துகொண்டிருந்தது. அந்த ஒக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2007 ஜனவரி 1 முதல் வடக்கும் கிழக்கும் வெவ்வேறு மாகாணங்களாயின. மாகாணம் பிரிந்தால் கோப்பும் பிரியும். எது எந்த லொறியில் ஏறியது என்று அன்று பொறுப்பிலிருந்தவர்களைக் கேட்டால் இன்றும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆசிரியை தன்னுடைய இடாப்பைத் தொலைத்தாரென்றால், பணிமனை தன்னுடைய கோப்புகளைத் தொலைத்தது. ஆனால் துண்டு குத்தி அனுப்பும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்கிறது.

ஆசிரியர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. இடம்பெயர்ந்த இடத்துப் பாடசாலையில் தற்காலிகமாக இணைந்தார்கள். இடம் போதாத இடங்களில் மரத்தடியிலும் கிடுகுக் கொட்டிலிலும் வகுப்பு நடந்தது. அச்சடித்த இடாப்பு கையில் இல்லாததால் சீ.ஆர். கொப்பி என்னும் தடித்த அட்டைக் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, பெயர், வந்த நேரம், போன நேரம், கையொப்பம் என்று நான்கு நிரல் பிரித்து எழுதினார்கள். அப்படி ஒரு கொப்பி தப்பியிருக்கிறது. நீலக் குமிழ்முனைப் பேனா மை பரவி, மூலைகள் சுருண்டு கிடக்கிறது. ஆனாலும் கையொப்பங்கள் தெளிவாக இருக்கின்றன. நடுவில் ஒரு கிழமை மட்டும் வெறுமை. அந்தக் கிழமை ஏன் வெறுமை என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கொப்பியின் பிரதியை இணைத்தபோது வந்த பதில்: இது அங்கீகரிக்கப்பட்ட படிவம் அல்ல.

அதே 2006இல் அதே வெருகல் பக்கம் கடமையிலிருந்த இராணுவ அதிகாரி ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய ஒவ்வொரு நகர்வும் படைப்பிரிவின் இரண்டாம் பாகக் கட்டளை என்னும் ஆளணிப் பதிவில் ஏறும். எந்தத் திகதியில் எந்த முகாம், எத்தனை நாள் லீவு, எப்போது வைத்தியசாலை, எப்போது பதவியுயர்வு, கலியாணம் முடித்தது, பிள்ளை பிறந்தது எல்லாம் அதில் வரும். ஒரு பிரதி படைப்பிரிவில் இருக்கும், இன்னொன்று ஆவணப் பிரிவுக்குப் போகும். முகாம் எரிந்தாலும் அவருடைய சேவை எரியாது. அந்தக் காலத்துக்குக் கிழக்கு மனிதாபிமான நடவடிக்கைப் பதக்கம் என்று ஒன்றும் உண்டு. கிழக்கில் அன்று கடமையிலிருந்ததற்கு ஒருவருக்குப் பதக்கம், இன்னொருவருக்குக் கணக்காய்வு வினா. பதக்கம் எங்களுக்கு வேண்டாம், அந்த இரண்டாம் பிரதி இருந்திருந்தாலே போதும்.

இலங்கையில் ஆசிரியராயிருந்துகொண்டே இராணுவத்தின் தொண்டர் படையில் அதிகாரியாகி, போர்க்காலத்தில் களத்துக்கு அழைக்கப்பட்டவர்களும் உண்டு. ஆள் ஒன்று, கோப்பு இரண்டு. சீருடை போட்ட வருடங்களுக்குத் திகதி திகதியாக ஆவணம் கிடைக்கும். அதே மனிதர் குக்கிராமப் பள்ளிக்கூடத்தில் சோக்குக் கட்டி பிடித்த வருடங்களுக்குக் கிடைப்பது, அலுமாரியைக் கறையான் விட்டுவைத்திருந்தால் மட்டும். பிழை ஆளில் இல்லை, பதிவு வைக்கும் முறையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சம்பளம் எடுத்துக்கொண்டு வேலைக்கு வராதவர்களும் இருந்தார்களே என்பீர்கள். இருந்தார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் பணிமனைக்கென்றால், நிரூபிக்கும் பொறுப்பும் பணிமனைக்குரியது. அந்த ஒன்பது மாதமும் சம்பளப் பட்டியலில் அந்த ஆசிரியையின் பெயர் இருந்தது. விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு மாதம் தவறாமல் கழிக்கப்பட்டது. சேவையில் இல்லாதவரிடம் அரசாங்கம் எதைக் கழித்தது? கழித்த கைக்கு அவர் சேவையிலிருந்தது தெரிகிறது, கொடுக்கும் கைக்கு மட்டும் தெரியவில்லை.

ஆசிரியர் தினமான ஒக்டோபர் 6 வந்தால் மாலையும் பொன்னாடையுமாக மண்டபங்கள் நிறைந்துவிடும். ஓய்வுபெற்றவர்களை முன்வரிசையில் இருத்தி, கஷ்டப் பிரதேசத்தில் ஒளியேற்றியவர்கள் என்று பேசுவார்கள். பொன்னாடை போர்த்த மட்டும் எந்த உறுதிப்படுத்தலும் தேவைப்படுவதில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல்தான். அதற்கு முன் ஆற்றைக் கடக்கும் மிதவைகளான கிண்ணியாப் பாதை, உப்பாற்றுப் பாதை, கங்கைப் பாதை, வெருகல் பாதை என்று ஒவ்வொன்றிலும் காத்திருந்து ஏறி இறங்கி, முதலாம் பாடவேளைக்குப் பிந்தியதற்கு இடாப்பில் சிவப்புக் கோடு வாங்கியவர்கள்தான் இன்று அந்த முன்வரிசையில் இருப்பவர்கள். வெள்ளம் வந்து பாதை ஓடாத நாளுக்கு அரைநாள் லீவு வெட்டியதெல்லாம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அது எப்படித் தொலையாமல் இருந்ததோ!

சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டோம், பொறுத்தருளுங்கள். இதை முடித்து வைக்கப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவைப்படாது. இடம்பெயர்ந்த பாடசாலைகளின் பெயரும் காலமும் பிரதேச செயலகங்களில் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. அந்தப் பட்டியலை ஒரேயொரு முறை உறுதிப்படுத்தி எல்லாக் கல்வி வலயங்களுக்கும் அனுப்பிவிட்டால், ஒவ்வொரு ஆசிரியரும் விதானையார் என்னும் கிராம அலுவலரிடமும் சமாதான நீதவானிடமும் தனித்தனியே அலைய வேண்டியிராது. பட்டியலிலுள்ள பாடசாலையின் ஆசிரியருக்குச் சம்பளப் பட்டியலும் பங்களிப்புக் கழிப்பும் போதிய சான்றாக இருக்கட்டும். சம்பளப் பட்டியலும் கிடைக்காவிட்டால் அக்கால வங்கிக் கூற்றையும், உடன் படிப்பித்த இருவரின் சத்தியக்கடதாசியையும் ஏற்கலாம். அப்போதும் ஐயமிருந்தால் விசாரணை வையுங்கள், முடிவை எழுத்தில் கொடுங்கள். ஆனால் கோப்பைத் திருப்பி அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கடதாசி கேட்காமல், குறையிருப்பதையெல்லாம் முதல் முறையே ஒன்றாக எழுதி அனுப்புங்கள். மூதூரிலிருந்தோ வெருகலிலிருந்தோ ஒரு கடதாசிக்காகப் பட்டணம் வந்து போக வயதானவர் ஒருவருக்கு முழு நாள் போகிறது. வந்தால் அந்த மேசைக்குரியவர் அன்று லீவு.

ஆகவே மிகுந்த பணிவோடு மீண்டும் கேட்கிறோம். சம்பளம் கொடுத்த மாதத்தைச் சேவை மாதமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஆசிரியையின் கோப்பில் தொடங்குங்கள். சீ.ஆர். கொப்பியின் மூலப் பிரதியை எந்த மேசைக்குக் கொண்டுவரச் சொன்னாலும் கொண்டுவருகிறோம், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள்,
திருகோணமலை.