கரண்ட் தராமல் போன சாமிக்கு

பேராவூரணி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, மார்கழி, 2018.

நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, எங்கள் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 22 நாள் ஆனது. எங்கள் வீட்டுக்கு மட்டும் 24 நாள். உதவிய எல்லோருக்கும் ஒழுங்காக நன்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் அந்தக் கடைசி இரண்டு நாளில் வந்து நிற்கிறது.

சரி, முதலில் எதிர்வீட்டுப் பெரியப்பா. அன்று காலை கதவைத் திறந்தால், வாசல் தென்னை எங்கள் சர்வீஸ் ஒயர்மேல் சாய்ந்து கிடக்கிறது. ஒயர் அறுந்திருந்தால்கூட நல்லது. அறவில்லை. அதைத் தாங்குகிற ஜி.ஐ. இரும்புக் கம்பி வில் நாண் மாதிரி விறைத்து நிற்கிறது, அந்தப் பக்கம் போஸ்ட் பாதி வளைந்திருக்கிறது, இந்தப் பக்கம் சுவரில் பதித்த இரும்புப் பைப் காரையைப் பெயர்த்துக்கொண்டு திரும்பியிருக்கிறது. என் மகன் அரிவாளோடு இறங்கிவிட்டான். பெரியப்பா அங்கிருந்தே கத்தினார்: "டேய், கிட்டப் போகாதே!"

"ஊரெல்லாம்தான் கரண்ட் இல்லையே தாத்தா" என்றான் இவன்.

"அது உனக்குத் தெரியும். எவனாவது ஜெனரேட்டர் போட்டா அவனுக்குத் தெரியுமா? அது இல்லாட்டியும், மரத்த வெட்டுனதும் அந்தக் கம்பி சாட்டை மாதிரி அடிக்கும். கண்ணு போயிரும்."

நாற்பது வருடம் பம்ப் செட் மோட்டார் பார்த்த கை அவருடையது. கருவை முள்ளை வெட்டி வந்து ஒயர் தாழ்ந்த இடத்தைச் சுற்றிப் போட்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து பிள்ளைகளையும் ஆடுகளையும் விரட்டினார். அவர் வீட்டு ஓடு பாதி பறந்து கிடந்தது, அதைப் பார்க்கவில்லை.

அப்புறம் மதுரைப் பக்கத்திலிருந்து மரம் அறுக்கும் மெஷினோடு வந்த பையன்கள். காசு வாங்கவில்லை, மெஷினுக்குப் பெட்ரோல் மட்டும் கேட்டார்கள். மரத்தில் வடம் கட்டிப் பின்னால் நின்ற மாமரத்தில் இழுத்துப் பிடித்துவிட்டு, கொண்டைப் பக்கமிருந்து முழம் முழமாக அறுத்துப் பாரத்தைக் குறைத்தார்கள். அவசரமே படவில்லை. கடைசித் துண்டு விழுந்ததும் கம்பி "விண்" என்று மேலே ஏறி, போஸ்ட் ஒருமுறை தலையை ஆட்டி நின்றது.

போன் சார்ஜ் போட்டுக் கொடுத்த கடைக்காரர், குடிநீர்த் தொட்டி நிரப்ப ஜெனரேட்டரை ஊர் ஊராக இழுத்துப் போன டிராக்டர் தம்பி, என்னோடு பேச முடியாமல் சிங்கப்பூரில் தவித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு யார் யாரிடமோ விசாரித்து "எல்லாரும் உயிரோட இருக்காங்க" என்று சொல்லி அனுப்பிய அவருடைய அறைக்கூட்டாளிகள். எல்லோருக்கும் நன்றி.

இனி லைன்மேன்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் நாள் மெயின் ரோட்டில் நடந்த மறியலில் நானும் உட்கார்ந்தேன். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் திருக்கார்த்திகை. தெரு முழுக்க அகல் விளக்கு அழகாக எரிந்தது, அதைப் பார்த்துத்தான் என் மாமியார் அழுதார், வேறு விளக்கே இல்லையே என்று. அந்தக் கோபத்தில் உட்கார்ந்தேன். டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் போஸ்ட் சாய்ந்து கிடந்த கணக்கெல்லாம் அப்போது காதில் ஏறவில்லை. முதலில் துணை மின்நிலையம், அப்புறம் 33 ஆயிரம் வோல்ட் லைன், அப்புறம் 11 ஆயிரம், அப்புறம் டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து தெரு லைன், அதற்கும் கடைசியில் நம் வீட்டு ஒயர். இந்த வரிசையில் நம் வீடு கடைக்குட்டி. இதை அங்கே ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்துத் திட்டினோம்.

பதினைந்தாம் நாள் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் லாரியில் வந்து இறங்கியது. பள்ளிக்கூட வகுப்பறையில் படுக்கை. சாப்பாடு தெருவுக்கு ஒரு வேளை முறை வைத்துக்கொண்டோம். கூரை இல்லாத வீட்டிலும் அவர்களுக்கு உலை வைத்தார்கள். வயல் சேற்றில் வண்டி இறங்கவில்லை. ஒன்பது மீட்டர் சிமெண்ட் போஸ்டைச் சவுக்குக் கழியில் கட்டிப் பதினைந்து இருபது பேர் தோளில் தூக்கிப் போனார்கள், எங்கள் ஊர்ப் பையன்களும் தோள் கொடுத்தார்கள். ஐந்தடிக் குழி வேண்டும். எங்கள் மண்ணில் மூன்றடியிலேயே தண்ணீர் ஊறிவிடும். வாளியால் இறைத்து இறைத்துத் தோண்டி, போஸ்டை நிறுத்திச் சுற்றிலும் கருங்கல் கொட்டிக் குத்தினார்கள். தோளில் துண்டை மடித்துப் போட்டிருந்தும் சிலருக்குத் தோல் வழன்றிருந்தது. என் மாமியார் தேங்காய் எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். எல்லோரும் "சாமி" என்றோம், அதனால் பெயர் தெரியாமலே போய்விட்டது. அவருக்கு மட்டும் தனிப் பாத்திரம், தனிச் சமையல். நடப்பதெல்லாம் வெறுங்காலில். போஸ்ட் ஏறும்போது மட்டும் பூட்ஸ். விரதம் என்னாவது என்று மகன் கேட்டதற்கு, "ஐயப்பன் கோவிச்சுக்க மாட்டாருங்க தம்பி, கரண்ட் கோவிச்சுக்கும்" என்றார்.

எங்கள் தெருவில் ஏறுவதற்கு முன்னால் அவர் செய்த முதல் வேலை, வீடு வீடாகப் போய் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டதுதான். மெயினை இறக்காமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் சொருகினால், அந்தக் கரண்ட் நம் ஒயர் வழியாகவே போஸ்டுக்குத் திரும்பிப் போகுமாம். டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாக ஏறி, அந்தப் பக்கம் 11 ஆயிரமாக வெளியே வருமாம். ஏறி நிற்பவன் கதி? முக்கு வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது. சாமி அந்த வீட்டு ப்யூஸ் கேரியரைத் தன் கையாலேயே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்படியும் லைனை எர்த் பண்ணாமல் யாரையும் ஏறவிடவில்லை.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் தெரு லைனில் கரண்ட் வந்தது. ஒவ்வொரு வீடாக ஒயரைப் பூட்டி, ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மெயினைப் போடச் சொன்னார்கள். எங்கள் வீட்டு முறை வந்தது. சாமி பைப்பைப் பார்த்தார். பைப்பில் கட்டியிருந்த துணிக்கொடியைப் பார்த்தார். கொல்லைக்குப் போய் எர்த் கம்பியைத் தேடினார். தென்னை வேரோடு பெயர்ந்தபோது அதுவும் போயிருந்தது.

"இந்த வீட்டுக்கு இன்னைக்குக் குடுக்க முடியாதுங்கம்மா. பைப்ப மாத்துங்க, எர்த் போடுங்க, கொடிக்கம்பிய அவுத்துருங்க. அப்புறம் சொல்லி விடுங்க."

இருபத்திரண்டு நாள் இருட்டில் இருந்தவளிடம் துணிக்கொடியைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. மாலை போட்டவரை ஒரு சொல் சொல்லக்கூடாது என்பார்கள். நான் பத்துச் சொல் சொன்னேன். சாப்பாடு போட்டதையும் சொல்லிக் காட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. "சாமி சரணம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி தெரு முழுக்க டியூப்லைட். எங்கள் வீட்டில் மெழுகுவத்தி.

மறுநாள் உள்ளூர் ஒயர்மேன் தம்பி வந்து பைப்பைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒயரை உருவியவர், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பைப் வளைகிற இடத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ரப்பர் உரிந்து அலுமினியம் பளபளவென்று தெரிந்தது. பைப்பின் உள்சுவரில் அது உரசிய கோடும் இருந்தது. அந்தப் பைப்பில்தான் ஜி.ஐ. கம்பிக் கொடி. அந்தக் கொடியில்தான் என் மாமியார் தினமும் விடிகாலையில் குளித்துவிட்டு, ஈரக் கையோடு, வெறுங்காலோடு புடவையைப் பிழிந்து போடுவார். நான் தையல் மெஷின் ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

புதுப் பைப், புது எர்த், ஒயர்மேன் தம்பி சொல்லி, கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்திவிடுகிற இ.எல்.சி.பி. ஒன்றும் போட்டோம். கொடிக்கு நைலான் கயிறு. மறுநாள் மதியம் சாமியின் கூட்டத்து ஹெல்பர் ஒருவர் வந்து பல்பு வைத்துப் பார்த்துவிட்டு ஒயரைப் பூட்டினார். சாமி அதற்குள் அடுத்த ஊர் வயலில் போஸ்ட் தூக்கப் போய்விட்டார். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். சாயங்காலம் லாரி அந்த ஊரிலிருந்தே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

சாமி, உங்கள் கட்டிங் பிளேயர் எங்கள் திண்ணையில் இருக்கிறது. சிவப்புப் பிடி, ஒரு பக்கம் கறுப்பு டேப் சுற்றியது. கொல்லையில் எர்த் தேடப் போனபோது வைத்தீர்கள், நான் போட்ட சத்தத்தில் மறந்துவிட்டீர்கள். எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது, கஜா வேலைக்கு வந்து போன ஈரோட்டுப் பக்கத்து லைன்மேன்களைத் தெரிந்தால் சொல்லி விடுங்கள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய பிறகு வாருங்கள். இந்த முறை தனிச் சமையல் வேண்டாம். மல்லிப்பட்டினத்து மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறேன்.