எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள நண்பருக்கு,

உமது நீண்ட கடிதம் கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீர் மீண்டும் வாசிக்கவும் எழுதவும் தொடங்கிவிட்டீர் என்று அறிந்து வீட்டில் எல்லோரும் ஆறுதல் அடைந்தோம். இங்கே நாங்கள் சுகம். நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்த மூத்த மகள் பிள்ளைகளுடன் இன்னும் எங்களோடுதான் நிற்கிறாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பேத்தியுடன் விறாந்தையில் இருந்து பழைய தொடர் நாடகங்களை யூரியூப்பில் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆகையால் உமது கடிதத்தின் பிற்பகுதியில் நீர் எழுப்பியிருந்த கேள்வி நல்ல வேளையில்தான் வந்து சேர்ந்தது.

ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் ஆண்டுக்கணக்காகக் கதாநாயகனின் பக்கத்தில் நின்று, அவன் துன்பத்தைக் கேட்டு, அவன் கோபத்தைத் தாங்கி, பார்ப்பவர்களின் அன்பையும் பெற்றுவிட்ட ஒரு துணைப் பாத்திரத்துக்குத் தனக்கென்று ஒரு நாடகம் கிடைப்பது நியாயந்தானே என்று கேட்டிருந்தீர். அந்த நடிகர் கொட்டிய உழைப்புக்கு அது ஒரு கைம்மாறு என்றும் எழுதியிருந்தீர். உமது கருத்தின் பின்னால் இருக்கும் இரக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நடிகருக்குச் சேர வேண்டிய கைம்மாறு வேறு, பாத்திரத்துக்கு வேண்டிய கதை வேறு. மக்களுக்குப் பிடித்துப்போயிற்று என்பதைக் கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். அதுவரை கதாநாயகனுக்கு எதிரே நின்று பேசிப் பழகிய ஒரு மனிதருக்கு, இனிமேல் எதிரே நிற்கப்போவது யார் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எழுத்தாளரிடம் அதற்கு விடை இருந்தால் அந்தக் கிளைத்தொடரை எடுக்கட்டும். இல்லையென்றால் அந்தப் பாத்திரத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

நீர் உதாரணம் காட்டிய ஃபிரேசியரையே எடுத்துக்கொள்வோம். பொஸ்ரன் நகரத்து மதுச்சாலை ஒன்றில் நடக்கும் ‘சியேர்ஸ்’ தொடர் 1982 இல் தொடங்கியது. மனநல மருத்துவரான ஃபிரேசியர் கிரேன் அதற்குள் வந்தது 1984 இல். படித்தவர் என்ற பெருமை நிறைந்த அந்த மனிதர், மதுச்சாலைக்கு வந்துபோகும் சாதாரண மனிதர்களின் நடுவே தடுமாறுவதில்தான் அவருடைய சுவை இருந்தது. 1993 இல் சியேர்ஸ் முடிந்தபோது அவரைச் சியற்றில் நகரத்துக்குக் கொண்டுபோய்த் தனித் தொடர் தொடங்கினார்கள். மதுச்சாலை இல்லாத ஊரில் அவருடைய பெருமை எதில் போய் முட்டும்? எழுதியவர்கள் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். இடுப்பில் காயத்தோடு ஓய்வுபெற்ற பொலிஸ்காரரான தந்தை மார்ட்டினை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்து இருத்தினார்கள். அவரைவிடவும் நுணுக்கம் பார்க்கும் தம்பி நைல்ஸையும் உண்டாக்கினார்கள். பழைய தொடரில் தன் தந்தை இறந்துவிட்டதாக ஃபிரேசியர் சொல்லியிருந்ததை, தந்தையோடு இருந்த கோபத்தில் சொன்ன பொய் என்று பிற்பாடு ஓர் அத்தியாயத்தில் சரிசெய்தார்கள். அந்த ஒரு திருத்தமே தந்தைக்கும் மகனுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. தொடர் பதினொரு பருவங்கள், 2004 வரை ஓடியது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எமி விருதுகள் 37 ஐப் பெற்றது. பின்னர் 2023 இல், ஃபிரேசியராக நடித்த அதே கெல்சி கிராமர் அதே பாத்திரமாகத் திரும்பி வந்தார். மார்ட்டினாக நடித்த ஜோன் மஹோனி 2018 இல் காலமாகிவிட்டார். நைல்ஸாக நடித்தவரும் திரும்பி வரவில்லை. அந்தப் புதிய தொடர் இரண்டு பருவங்களோடு நின்றுபோயிற்று. பாத்திரமும் நடிகரும் மாறவில்லை என்பதை நீர் கவனிக்க வேண்டும்.

‘பிறெண்ட்ஸ்’ முடிந்த 2004 ஆம் ஆண்டிலேயே, அதில் வரும் ஆறு நண்பர்களில் ஒருவனான ஜோயிக்குத் தனித் தொடர் எடுத்து, 2006 இல் நிறுத்தியதும் உமக்கு நினைவிருக்கும். லொஸ் ஏஞ்சலிஸில் அவனுக்கு ஒரு சகோதரியையும் மருமகனையும் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவனுடைய வெகுளித்தனத்தைப் பார்த்துப் பொறுமையிழக்கவும், மறுகணமே அதற்காக அவனை நேசிக்கவும் நியூயோர்க்கில் இருந்த ஐந்து பேருக்கு ஈடாக அங்கே எவரும் இல்லை.

இவற்றைவிட எனக்கு மிகவும் பிடித்தது ‘பெற்றர் கோல் சோல்’. நீர் அதை முழுவதும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தபடியால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சோல் குட்மன் என்ற வழக்கறிஞர், போதைப்பொருள் உலகைக் காட்டும் ‘பிறேக்கிங் பாட்’ தொடரின் இரண்டாம் பருவத்தில், 2009 இல், முதன்முதலாக வருகிறார். முகமூடி போட்ட இருவர் அவரை இரவில் பாலைவனத்துக்கு இழுத்துச் சென்று, தோண்டிய குழிக்கு முன்னால் முழந்தாளில் நிறுத்துகிறார்கள். உயிர்ப்பயத்தில் அவர், தான் எதுவும் செய்யவில்லை, எல்லாம் இக்னாசியோ செய்தது என்று கதறுகிறார். லாலோதான் இவர்களை அனுப்பினாரா என்றும் கேட்கிறார். அந்த இரண்டு பெயர்களும் அந்தத் தொடரில் அதோடு காற்றில் போய்விடுகின்றன. ஆனால் வின்ஸ் கில்லிகனும் பீற்றர் கோல்டும் சோலின் முற்காலத்தை 2015 இல் தொடங்கிய இந்தக் கிளைத்தொடராக எழுதியபோது, அந்தப் பெயர்களுக்கு உடலும் உயிரும் கொடுத்தார்கள். இக்னாசியோ, தன் தகப்பனைக் காப்பாற்றுவதற்காகத் தன்னையே அழித்துக்கொள்ளும் ஒரு மகன் ஆனான். லாலோ சிரித்த முகத்தோடு வரும் பயங்கரம் ஆனான். அச்சத்தில் உளறிய ஒற்றை வசனத்துக்குள் இவ்வளவு இருந்ததா என்று நான் வியந்துபோனேன்.

ஆயினும் அந்தத் தொடரைத் தாங்குபவர்கள் இவர்கள் இருவருமல்லர். சோல் அப்போது ஜிம்மி மக்கில். அவனுக்கு எதிரே அண்ணன் சக் நிற்கிறார். பெரிய வழக்கறிஞர், மின்சாரம் தன் உடம்புக்கு ஒவ்வாது என்று நம்பி, மின்சாரத்தைத் துண்டித்த வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் வாழ்பவர். தம்பி அவருக்கு நாள்தோறும் உணவும் பத்திரிகையும் பனிக்கட்டியும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதே அண்ணன்தான், அஞ்சல் வழியாகப் படித்துப் பட்டம் பெற்ற தம்பி வழக்கறிஞனே அல்லன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். மூன்றாம் பருவத்தில் இருவரும் ஒரு விசாரணையில் எதிரெதிராக அமர்கிறார்கள். சக்கின் சட்டைப்பையில் அவருக்குத் தெரியாமலே ஒரு கைத்தொலைபேசி மின்கலத்தை வைப்பித்துவிட்டு, ஒன்றேமுக்கால் மணித்தியாலமாக அது உம்மிடம்தான் இருக்கிறது என்று ஜிம்மி காட்டுகிறான். அந்த இடத்தில் அண்ணனின் அறிவும் கண்ணியமும் குலைந்து, சிறுபிள்ளைக் காலத்திலிருந்து அடக்கி வைத்த பொறாமை முழுவதும் வாயால் கொட்டுகிறது. வழக்கில் தம்பி வென்றுவிட்டான். ஆனால் அங்கே இருந்தபடி அவன் பார்க்கும் பார்வையில் வெற்றிக் களை எள்ளளவும் இல்லை. அவனுக்கு மறுபக்கத்தில் கிம் வெக்ஸ்லர் நிற்கிறாள். மூலத் தொடரில் அவள் இல்லவே இல்லை. சோலுக்கு என்ன ஆகும் என்பது நமக்கு முன்னரே தெரியும். கிம்முக்கு என்ன ஆகும் என்பது தெரியாது. ஆறு பருவங்கள், 63 அத்தியாயங்கள், 2022 வரை நாம் அஞ்சியது அவளுக்காகத்தான்.

இதையெல்லாம் மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நீர் எழுதியதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிலப்பதிகாரத்தில் மாதவியின் மகளாகச் சில இடங்களில் மட்டும் தலைகாட்டும் மணிமேகலைக்குச் சாத்தனார் முப்பது காதைகளில் தனிக் காப்பியமே செய்தார். அங்கும் உதயகுமரன் என்ற அரசகுமாரனை அவள் வழியில் நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான சான்று நந்தனார்தான். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்ற பெயரில் அவருக்கு வணக்கம் சொன்னது ஓர் அடியின் பகுதி மட்டுமே. நம்பியாண்டார் நம்பி அதை ஒரு செய்யுளாக்கினார். சேக்கிழார் 37 பாடல்களில் வரலாறாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதை முழுக் கீர்த்தனை நாடகமாக விரித்தபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒருவரைப் படைத்தார். அவர்தான் நந்தனாரின் ஆண்டையாகிய வேதியர். சிதம்பரம் போக உத்தரவு கேட்பவரிடம், நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் விளைவித்து முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர். சேக்கிழாரின் திருநாளைப்போவார் தன் தாழ்வை நினைந்து தனக்குள்ளேயே தயங்குகிறார்; தில்லைக்கு வந்த பிறகும் எல்லையைச் சுற்றி வலம் வருகிறார். பாரதியாரின் நந்தனார் முன்னால் ஒரு மனிதன் நின்று மறிக்கிறான். அதன் பிறகுதான் அது மேடைக்குரிய கதையாயிற்று.

நடிகமணி வி. வி. வைரமுத்து நந்தனாராக வந்த மேடையை நாம் இருவரும் கோவில் வீதியில் பாய் விரித்து இருந்து பார்த்த இரவு உமக்கு மறந்திருக்காது. அவர் கைகட்டி, உடல் ஒடுங்கி, குரலை மட்டும் மேலே எழுப்பி உத்தரவு கேட்டபோது, நமக்கு முன்னால் இருந்த பெரியவர்கள் சிலர் வேதியரின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். 1968 இல் மாவிட்டபுரத்தில் தாழ்த்தப்பட்டவர்களின் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட்டம் நடந்த நாடல்லவா இது? அந்த வேதியர் இங்கே எவருக்கும் அந்நியர் அல்லர். சுந்தரரின் பாட்டில் ஓர் அடியின் பகுதியாக இருந்தவர் எங்கள் ஊர்ச் சனத்தின் மனச்சாட்சியைத் தொட்டதற்கு, எதிரே நின்ற அந்த ஆளே காரணம்.

எங்கள் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் துணைப் பாத்திரங்களுக்கு நேரமே கொடுப்பதில்லை என்ற உமது குறையும் எனக்குச் சரியாகப் படவில்லை. நேரம் தாராளமாகக் கொடுக்கிறார்கள். 2002 இலிருந்து 2005 வரை ஓடிய ‘மெட்டி ஒலி’ 800 அத்தியாயங்களைத் தாண்டியது. ‘கோலங்கள்’ 1500 ஐத் தாண்டியது. சித்தப்பா, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் வாரக்கணக்கில் தனித்தனியே கதை ஓடும். இருந்தும் அந்தக் கதை முடிந்ததும் அவர்கள் பழையபடி கூடத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு நேர்ந்தது எதுவும் அவர்களை மாற்றுவதில்லை, ஏனென்றால் அந்த வாரங்களிலும் அவர்கள் குடும்பத்துக் கதாநாயகிக்கு எதிராகவோ துணையாகவோ மட்டுமே இயங்குகிறார்கள். இரண்டு தொடர்களின் குடும்பங்களைச் சில நாட்களுக்கு ஒன்றாகச் சேர்த்து மகாசங்கமம் என்று காட்டுவதிலும் இதே நிலைதான். எல்லோரும் ஒரே மண்டபத்தில் நிற்பார்கள், ஒருவராலும் மற்றவருக்கு எதுவும் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எதிரே ஆள் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பாத்திரத்தின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடக் கூடாது. பிறேக்கிங் பாட்டில் வரும் போதைப்பொருள் வணிகர் கஸ் ஃபிறிங்குக்குச் சிலி நாட்டில் ஒரு பழைய வாழ்வு இருந்தது என்று மட்டும் சொல்வார்கள். அது என்ன என்பது கடைசிவரை வெளிவராது. கிளைத்தொடரிலும் அவர் பல பருவங்கள் வருகிறார். அங்கும் அதை முழுவதும் சொல்லவில்லை. அவரைக் கண்டு நாம் அஞ்சுவதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம் என்று எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். கையில் கிடைத்த மர்மங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதும் இன்றைய முன்கதைத் தொடர்கள் பலவற்றில் இந்த அடக்கத்தைக் காண முடியவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

மெட்டி ஒலியில் சரோவைப் படாதபாடு படுத்தும் மாமியார் ராஜத்துக்கு ஒரு தனித் தொடர் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று பேத்தி போன கிழமை சொன்னாள். அவளும் ஒரு காலத்தில் மருமகளாக இருந்து கண்ணீர் விட்டிருப்பாள், அந்தக் காலத்தைக் காட்ட வேண்டும் என்பது அவளுடைய யோசனை. நான் இரண்டு நாள் இதைப்பற்றி யோசித்தேன். இளம் ராஜத்துக்கு எதிரே ஒரு கொடிய மாமியாரை நிறுத்தினால், பட்டவள் படுத்துவாள் என்ற பழைய நியாயந்தான் மிஞ்சும். சரோ பட்டதெல்லாம் அந்த நியாயத்தில் கரைந்துபோகும். ஆகவே ராஜத்தை அந்த வயதிலேயே வைத்துக்கொண்டு, அவளுக்கு எதிரே இன்னொரு மாமியாரைக் கொண்டுவர வேண்டும் என்று பேத்தியிடம் சொன்னேன். அவளும் மருமகளாக அடியும் பட்டினியும் கண்டவளாக இருக்க வேண்டும், ஆனால் தன் வீட்டுக்கு வந்த பெண்ணிடம் ஒருநாளும் கடுஞ்சொல் பேசாதவளாகவும் இருக்க வேண்டும். அவள் அடுத்த வீட்டுக்குக் குடிவரட்டும், இருவருக்கும் நடுவே ஒரு வேலி மட்டும் இருக்கட்டும். ராஜம் அவளை வெறுப்பாள் என்கிறாள் பேத்தி. முதலில் வெறுத்தாலும், யாரும் பார்க்காத நேரத்தில் வேலியோரம் போய் நிற்பாள் என்கிறேன் நான். நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நீர் எந்தப் பக்கம் என்பதை அடுத்த கடிதத்தில் தவறாமல் எழுதும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உமது அன்பு நண்பன்