பீம் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தவை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, இப்போதுதான் உட்கார முடிந்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை நடக்கிறார். நேற்று உன்னை விசாரித்தார்: "அந்தப் பிள்ளை இன்னும் ராத்திரி கண் முழிச்சுத்தான் வேலை பாக்குதா?" நீயே வந்து பதில் சொல்.

எலிக்சர் என்ற புரோகிராம் மொழியில் புது வேலை தொடங்கியிருப்பதாகவும், பட மாற்றத்துக்கு வெளிப் புரோகிராம்களைப் போர்ட் (எலிக்சரிலிருந்து வெளிப் புரோகிராமுக்குப் போகும் இணைப்பு) வழியாக ஓட்டப்போவதாகவும் எழுதியிருந்தாய். படித்ததும் போன மாதம் நான் பட்டதை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

எங்களிடம் 12 கேமராக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜென்சர்வர் (எலிக்சருக்குள் தனியாக ஓடும் சின்ன வேலைக்காரன்), அதன் கையில் ஒரு போர்ட், அந்தப் போர்ட்டின் மறுமுனையில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ புரோகிராம். கேமராவிலிருந்து வருவதை வாங்கி எம்பி4 கோப்பாக எழுதுவதுதான் அதன் வேலை. ஏதாவது ஒன்று விழுந்தால் சூப்பர்வைசர் எழுப்பிவிடும் என்று நிம்மதியாக இருந்தோம். ஒரு சனிக்கிழமை இரவு மெமரி தீர்ந்துபோய், லினக்ஸ் கெர்னல் பீமையே, அதாவது எலிக்சர் கோட் முழுவதையும் ஓட்டும் இயந்திரத்தையே, கொன்றுவிட்டது. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி அதை உடனே எழுப்பியது. சிறிது நேரத்தில் மறுபடி விழுந்தது, மறுபடி எழுந்தது. அப்படி மூன்று முறை. காலையில் பார்த்தால் பயன்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஒரு கேமராகூட இணைப்புத் தர மறுக்கிறது.

ஓடும் புரோசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. முந்தைய மூன்று பிறவிகளின் எஃப்எஃப்எம்பெக்குகள் எல்லாம் உயிரோடு இருந்தன. பெற்ற புரோசஸ் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் 1 என்று இருந்தது. பெற்றவர் போய்விட்டதால், 1ஆம் எண் புரோசஸான இனிட் தத்தெடுத்துக்கொண்ட அநாதைகள். கேமரா ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் படம் தரும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கும், அந்த இடத்தையெல்லாம் இவை பிடித்துக்கொண்டிருந்தன. இன்னொன்றும் கவனித்தேன், அதுதான் என்னை உலுக்கியது: பீம் இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் விழுந்ததற்கே காரணம் இவைதான். இருந்த மெமரியை இவை தின்றுகொண்டிருந்ததால், புதிதாக எழுந்த பீமுக்குக் கிடைத்தது மிச்சம் மீதிதான்.

போர்ட் மூடினால் புரோகிராமும் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போர்ட் மூடும்போது நடப்பது ஒன்றே ஒன்று: இரண்டு பக்கக் குழாய்களும் அறுகின்றன. கேட் (cat) கட்டளை மாதிரி, உள்ளே வரும் குழாயான ஸ்டாண்டர்ட் இன்புட்டைப் படித்துக்கொண்டே இருக்கும் புரோகிராம், முடிந்துவிட்டது என்று தெரிந்து தானாகக் கிளம்பிவிடும். ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதுகிற புரோகிராம் அடுத்த எழுத்தில் அடிபட்டுச் சாகும். எங்கள் எஃப்எஃப்எம்பெக் இரண்டையும் செய்யவில்லை. இன்புட்டைப் படிக்காதே என்று நாங்களே சொல்லியிருந்தோம். படம் கோப்புக்குப் போகிறது, லாக் ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகிறது. குழாய் அறுந்த செய்தி அதன் காதுக்கு எட்ட வழியே இல்லை.

முதலில் எனக்குத் தோன்றியது நீயும் செய்யக்கூடியதுதான். ஜென்சர்வரில் ட்ராப் எக்ஸிட் போட்டு (சாவுச் செய்தியைப் பிடித்துவைக்க), சாகும் முன் ஓடும் டெர்மினேட்டில் போர்ட் இன்ஃபோவிலிருந்து ஓஎஸ் பிஐடியை, அதாவது வெளிப் புரோகிராமின் புரோசஸ் எண்ணை எடுத்து, அதற்குக் கில் அனுப்புவது. ஒழுங்காக நிறுத்தும்போது இது வேலை செய்யும், சூப்பர்வைசர் வழக்கமாகத் தரும் 5 விநாடி அதற்குப் போதும். ஆனால் கெர்னல் கொல்லும்போது உன் எலிக்சர் கோடில் ஒரு வரிகூட ஓடாது. மூச்சு நின்றவனிடம் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் போ என்றால் எப்படி? சுத்தம் செய்கிறவன் வெளியே இருக்கவேண்டும், பீம் செத்தாலும் சாகாதவனாக இருக்கவேண்டும். எனக்கு இது உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

எலிக்சரின் போர்ட் ஆவணத்திலேயே இதற்கு ஒரு சின்ன பேஷ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. உண்மையான புரோகிராமைப் பின்னணியில் ஓடவிட்டு, ஸ்கிரிப்ட் தான் மட்டும் ஸ்டாண்டர்ட் இன்புட்டைப் படித்துக்கொண்டே காத்திருக்கும். பீம் எப்படிச் செத்தாலும் குழாய் அறுவது நிச்சயம். அந்த நிமிடம் ஸ்கிரிப்ட் புரோகிராமைக் கொன்றுவிடும். யோசனை பிரமாதம். அப்படியே எடுத்துப் போட்டோம், அடுத்த நாள் ஒரு கோப்பு எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை. ஸ்கிரிப்ட் அனுப்புவது சிக்கில், பேச்சுக்கு இடமில்லாமல் உடனே கொல்லும் சிக்னல். சாதாரண எம்பி4 கோப்பின் அட்டவணையை எஃப்எஃப்எம்பெக் கடைசியில்தான் எழுதும், சிக்கில் வந்தால் எழுத நேரமே இல்லை. படம் முழுக்க உள்ளே இருக்கிறது, ஆனால் எங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அதனால் 'முடித்துக்கொண்டு கிளம்பு' என்று கேட்கும் சிக்டெர்ம் முதலில், கொஞ்சம் பொறுத்து, கேட்காவிட்டால் மட்டும் சிக்கில்.

இதையே ஒழுங்காகச் செய்ய மியூவான்ட்ராப் என்று ஒரு லைப்ரரி இருக்கிறது. சி மொழியில் எழுதிய சின்னக் காவல்காரன் ஒன்று நடுவில் நிற்கும். வழக்கமாக சிக்டெர்ம் அனுப்பி 500 மில்லிவிநாடிதான் பொறுக்கும், நாங்கள் அதை 5 விநாடியாக்கினோம். புரோகிராமை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் அதன் டீமன் பகுதியை நேராக சூப்பர்வைசரின் கீழ் வைத்துவிடலாம். நீ ஓட்டும் புரோகிராம் தானும் பிள்ளை பெறுமானால், சிகுரூப் (லினக்ஸ் ஒன்றாகப் பார்க்கும் புரோசஸ் குழு) கொடுத்துப் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துப் பிடிக்கலாம்.

ஆனால் அந்தக் காவல்காரனையே யாராவது கொன்றால்? அதற்கு மேலே சிஸ்டம்டி இருக்கிறது. வழக்கமான அமைப்பில், சர்வீஸ் போனால் அந்த சிகுரூப்பில் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் அதுவே கொன்றுவிடும். எங்களுக்கு ஏன் செய்யவில்லை? புது வெர்ஷன் ஏற்றும்போது ரெக்கார்டிங் நிற்கக்கூடாது என்று நான்தான் ஒரு வருடம் முன் எதையெல்லாம் கொல்வது என்று சொல்லும் கில்மோடை 'புரோசஸ்' (முதன்மைப் புரோசஸை மட்டும்) என்று மாற்றி வைத்திருந்தேன். சிஸ்டம்டியின் லாக்கான ஜர்னலில் ஒவ்வொரு தடவையும் மிச்சப் புரோசஸ் கிடக்கிறது என்று அது எச்சரித்திருக்கிறது. ஒருவரும் படிக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டேன்.

நீ டாக்கரில் (புரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுவதானால், கன்டெய்னரின் 1ஆம் புரோசஸ் செத்தால் உள்ளே எல்லாமே போய்விடும், அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒரு ஜென்சர்வர் மட்டும் விழுந்தால் அதன் புரோகிராம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். காவல்காரன் அங்கேயும் வேண்டும்.

வேலையை முடித்ததும் ஒரு காரியம் செய்துபார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பீமுக்கு கில் மைனஸ் 9 (அதே சிக்கில்தான்) கொடு, பத்து எண்ணு, பிஎஸ் போடு. போன வாரம், அந்தக் கில்மோட் வரியை எடுக்கும் முன், நான் செய்தபோது முதல் தடவை பழைய எஃப்எஃப்எம்பெக் இரண்டு மிச்சமிருந்தன. காவல்காரன் இல்லாமல் பழையபடி நேராகப் போர்ட்டில் ஓடிய இரண்டு கேமராக்களை நான் மாற்ற மறந்திருந்தேன். மாற்றிய பிறகு அநாதைகளின் பட்டியல் காலி.

உன் சூப்பர்வைசர் மரத்தை வரைந்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே? அம்மா அதற்குள் வாக்கரை விட்டுவிடுவேன் என்கிறார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்