ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் பண்பு நம் மாவட்ட மக்களிடம் குறைந்து வருவதாகத் தங்கள் நாளிதழில் ஒரு வரி வந்திருந்தது. அதை எழுதியவர் மாலை நேரத்தில் ஒருமுறையாவது மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை வரை சாலைவழியாக வந்திருப்பார் என்றே நம்ப விரும்புகிறேன்.

நெஞ்சுவலி கண்ட என் மைனியைச் சுவாமியார்மடத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 வண்டியில் கொண்டுபோனபோது, ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழிநெடுகப் பார்த்தவன் நான். அழகியமண்டபம் அருகே, குழந்தையைப் பின்னால் வைத்திருந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் சைரன் கேட்டதுமே இடப்புறம் இறங்கப் பார்த்தார். தார் விளிம்பிலிருந்து மண்தரை ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது. காலை ஊன்றிப் பார்த்தவர், வண்டி சரிந்துவிடும் என்று தெரிந்ததும் மீண்டும் சாலைக்கே ஏறிக்கொண்டார். அவருக்கு முன்னால் கேரளத்தில் கல்லை இறக்கிவிட்டுத் திரும்பும் டாரஸ் லாரி. எதிரே பாரத்தோடு களியக்காவிளை நோக்கிப் போகும் லாரிகளின் வரிசை. பண்பில்லாதவர் என்று இவர்களில் யாரைச் சொல்வது?

வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டும் சேர்த்தோ உண்டு என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவு சேர்க்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். சாலையோரத்தைக் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டுப் பாதியில் மூடிச் செல்பவருக்கும், வெள்ளைக்கோட்டின் மேலேயே காரை நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்குள் போகிறவருக்கும் அந்தச் சட்டத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாராவது விளக்கினால் நல்லது. நான்குவழிச்சாலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். மார்த்தாண்டம் மேம்பாலம் 2018-இல் திறந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். முக்கியப் பிரமுகர் வரும் நாளில் மட்டும் இதே சாலை எப்படியோ அகலமாகிவிடுகிறது. (நோயாளியே இல்லாமல் சைரன் அலறவிட்டுப் போகும் சில தனியார் வண்டிகளும், ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டே பறக்கும் பைக்குகளும் இருக்கத்தான் செய்கின்றன, அவர்களுக்காக நான் வாதாடவில்லை.)

மைனி பிழைத்துக்கொண்டார். அது அந்த ஓட்டுநரின் கைத்திறமை.

என் வேண்டுகோள் சிறியதுதான். தங்கள் நிருபர் ஒருவரைச் சுவாமியார்மடம் முதல் தக்கலை வரை இடப்புற ஓரமாக நடக்கச் சொல்லி, தார் விளிம்பு எங்கெங்கே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் படத்துடன் வெளியிடுங்கள். ஒரு டிப்பர் சரல்மண் கொட்டி இறுக்கினாலே சரியாகிவிடக்கூடிய இடங்கள்தான் அவற்றில் பலவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சுவாமியார்மடம், கன்னியாகுமரி மாவட்டம்.