கடையில் இருக்கும் துப்பாக்கியைக் கடைக்காரருக்கே விற்க விடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். இறந்துபோன உரிமதாரர்களின் துப்பாக்கியை விற்கக் கேட்டு வாரிசுகள் கொடுக்கும் மனுக்கள் எப்படித் தேங்கிக் கிடக்கின்றன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் மனு சென்ற வாரம் திரும்பி வந்தது. உரிமம் காலாவதியாகிவிட்டதாம், புதுப்பித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டுமாம். உரிமம் என் அப்பா பெயரில் இருந்தது. அவருடைய இறப்புச் சான்றிதழ் அதே மனுவோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. யார் வந்து புதுப்பிப்பது ஐயா?

காட்டோரத் தோட்டத்தில் பன்றி விரட்ட அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி அது. அவர் போனபின் வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பதால், ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். ஒப்படைத்ததை, தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணம் பெற்றுக்கொள்ள வாரிசுக்கு உரிமை உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது. அம்மா விற்கத் தயார். கடைக்காரர் வாங்கத் தயார். துப்பாக்கி அவருடைய இரும்பு அலமாரியிலேயே இருக்கிறது. அது ஓரடிகூட நகர வேண்டியதில்லை, பதிவேட்டில் கணக்கு மாறினால் போதும்.

அதற்காக எழுபதைத் தாண்டிய அம்மா, மூட்டு வலியோடு காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு விற்கிறீர்கள், ஏன் விற்கிறீர்கள், வீட்டில் ஏதாவது தகராறா என்று ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள். வாங்குபவர் யார் என்பது அரசுக்குத் தெரியாதா? அவருக்கு உரிமம் கொடுத்ததே அரசு. அவருடைய பதிவேடுகளைச் சோதிப்பதும் அரசு அதிகாரிகள்தான். இதற்கிடையே, பாதுகாத்து வைப்பதற்கான கட்டணம் மாதாமாதம் ஏறுகிறது. இப்படியே போனால் விற்றுவரும் பணம் அதற்கே சரியாகிவிடும்.

1959ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், சொந்தத் துப்பாக்கியை விற்கிறவரிடம் கேட்பது என்ன? வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ (அதாவது ஆட்சியரான தங்களுக்கோ) அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுதித் தெரிவித்து, 45 நாள் பொறுக்க வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. விசாரிக்க வேண்டியதை விசாரித்து, ஆட்சேபணை இருந்தால் சொல்ல அந்த 45 நாள் போதாதா?

துப்பாக்கி விற்பனையில் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். அதனால்தான் இந்தத் தாமதம் எனக்குப் பயமாக இருக்கிறது. கடையில் ஒப்படைத்த எங்களுக்கே இந்த அலைச்சல் என்றால், இதைப் பார்க்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்ன முடிவெடுப்பார்? பேசாமல் பரணில் போட்டுவிடுவார். அந்தத் துப்பாக்கி அப்புறம் யார் கைக்குப் போகும் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில், ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து போன் வருகிறது, நாங்களும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அந்த வாரங்களில் கடலைக்காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போனாலும் பொறுத்துக்கொள்கிறோம். ஒப்படைத்ததைக் குறித்த காலத்துக்குள் விற்காவிட்டால் அரசே பறிமுதல் செய்யலாம் என்றும் சட்டம் இருக்கிறது. எல்லாக் கெடுவும் எங்களுக்குத்தான். எங்கள் மனுவை வைத்திருக்கும் அதிகாரிக்கு ஒரு கெடுவும் இல்லை போலிருக்கிறது. தாமதம் அலுவலகத்தில், இழப்பு விதவைக்கு என்பது என்ன நியாயம்?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தங்களிடம் கேட்பது ஒன்றுதான். உரிமம் பெற்ற வியாபாரிக்கு விற்பதாகத் தகவல் கொடுத்தால், அன்றே தேதியிட்டு ஒப்புகை தரச் சொல்லுங்கள். 45 நாளுக்குள் ஆட்சேபணை இருந்தால் காரணத்தோடு எழுத்தில் வரட்டும். வராவிட்டால் விற்பனையை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். துப்பாக்கி ஏற்கெனவே அந்தக் கடையிலேயே ஒப்படைக்கப்பட்டிருந்தால், வாரிசை மீண்டும் மீண்டும் நிலையத்துக்கு அழைக்க வேண்டாம் என்றும் அதில் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் மனுவை இறப்புச் சான்றிதழோடு மறுபடியும் கொடுத்திருக்கிறோம். 45 நாளுக்குள் பதில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காலமான உரிமதாரர் ஒருவரின் மகன்