சூடாகும் லேப்டாப்: ஸ்டாண்ட் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் மின்சாதனங்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று போன ஞாயிறு உங்கள் பேப்பரில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏசிக்கு அரைப் பக்கம், ஃபிரிட்ஜுக்குக் கால் பக்கம், லேப்டாப்புக்கு மட்டும் ஒரே வரி: ‘வீடியோ பார்க்கும்போது சூடானால் கூலிங் ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளவும்.’ அந்த ஸ்டாண்டை எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தவன் நான், அதனால்தான் இந்தக் கடிதம்.

ஊர் வேலூர், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள், வகுப்பெல்லாம் யூடியூபில்தான். லேப்டாப் 2014-ல் வாங்கியது. வீடியோ இருபது நிமிடம் ஓடினால் போதும், உள்ளே இருக்கும் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும், கீபோர்டின் இடது பக்கத்தில் கை வைக்க முடியாது, அப்புறம் படம் திக்கித் திக்கி நிற்கும். நெட்தான் ஸ்லோ என்று நினைத்து கேபிள்காரரை வரவழைத்துச் சத்தம் போட்டோம். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. லேப்டாப்பின் மூளையான சிப்பின் சூடு நூறு டிகிரியை நெருங்கினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், திக்கல் அதனால்தான். வீடியோவுக்கு அடியில் ஓடும் சாம்பல் கோடு முன்னால் நீண்டு கிடக்க, படம் மட்டும் திக்கினால் நெட்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் அந்த மனிதருக்கு ஒரு காபி கொடுத்தாவது அனுப்பியிருப்பேன்.

ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனோம். மூடியைக்கூடக் கழற்றாமல், ‘பழைய மாடல் சார், இன்னும் கொஞ்ச நாளில் மதர்போர்டு போயிடும், புதுசா வாங்கிடுங்க’ என்றார்கள். சரி, விதி என்று திரும்பி வந்தோம். ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பென்டிரைவில் போட்டுப் பார்க்கிற சினிமா இரண்டரை மணி நேரம் ஓடினாலும் அதே லேப்டாப் லேசான வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. அதுவும் வீடியோ, இதுவும் வீடியோ, மதர்போர்டு கெட்டிருந்தால் இரண்டிலும்தானே கொதிக்க வேண்டும்?

தங்கை மகன் ஃபோனிலேயே ஆளைப் பிடித்துவிட்டான். ஓடுகிற வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்று இருப்பதை அழுத்தச் சொன்னான். பொடி எழுத்தில் ஏதேதோ வந்தது, அதில் ‘கோடெக்ஸ்’ என்ற வரியில் ஏவி01 என்று ஆரம்பித்தது. வீடியோவைச் சுருக்கி அனுப்புவதில் பல வகை இருக்கிறதாம். எச்.264 என்பது 2003-ல் வந்தது, கூகுளின் விபி9 2013-ல், ஏவி1 2018-ல். புதிய வகைகளுக்கு டேட்டா குறைவாகப் போதும், ஆனால் விரித்துக் காட்ட உழைப்பு அதிகம். அந்த உழைப்புக்கென்று சிப்புக்குள்ளேயே தனிப் பகுதி உண்டு, அது அதிகம் சூடாகாமல் வேலையை முடித்துவிடும். இன்டெல் சிப்களில் விபி9-க்கு முழுமையாக அது வந்தது ஏழாம் தலைமுறையில், ஏவி1-க்குப் பதினோராம் தலைமுறையில். எங்களுடையது நான்காம் தலைமுறை. பென்டிரைவ் படம் எச்.264, அதற்கு உள்ளே கிரைண்டர் இருக்கிறது. யூடியூப் அனுப்பியதற்கு இல்லை, அதனால் மொத்த மாவையும் அம்மியில், அதாவது எல்லா வேலையும் பார்க்கிற சிபியு என்ற பொதுப் பகுதியில், அரைத்துக்கொண்டிருந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நின்றது.

செய்தது இவ்வளவுதான். குரோமின் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ என்ற இடத்தில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் அணைந்து கிடந்தது, எப்போதோ திரை கறுப்பானது என்று யாரோ அணைத்துவிட்டார்கள். அது அணைந்திருந்தால் எச்.264 வீடியோவும் அம்மிக்குத்தான் போகும், அதனால் அதைப் போட்டோம். எச்264இஃபை என்ற இலவச ஆட்-ஆன் ஒன்றையும் சேர்த்தோம், அது யூடியூபிடம் பழைய வகையையே கேட்டு வாங்கும். அந்த வகையில் 1080-க்கு மேல் தெளிவு கிடைக்காது, அதைப் பற்றி எங்களுக்குக் கவலையும் இல்லை. ஏனென்றால் அடுத்த கூத்து அதுதான்: ஃபைபர் வந்ததிலிருந்து, நெட் நன்றாக இருக்கிறதே என்று மகள் எல்லா வீடியோவையும் 1080-ல் வைத்திருந்தாள். லேப்டாப்பின் திரையோ 1366-க்கு 768. இருபது லட்சம் புள்ளிகளைக் கஷ்டப்பட்டு விரித்துவிட்டு, அதில் பாதியைச் சுருக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. 720-க்கு மாற்றியதும் புள்ளிகள் ஒன்பது லட்சத்துச் சொச்சமாகிவிட்டன, கரும்பலகை எழுத்து அதே போலத்தான் தெரிகிறது. சிபியு முப்பதுக்கு இறங்கியது.

அப்படியும் சூடு முழுதாக விடவில்லை. ஒரு சாயங்காலம் சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஃபேனுக்கும் வெளிக்காற்றுத் துவாரத்துக்கும் நடுவே மெல்லிய செம்புத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன, டிரான்ஸ்ஃபார்மர் ரேடியேட்டரின் குட்டி வடிவம். அவற்றின் வாயில், ஃபேன் பக்கமாக, தலையணைப் பஞ்சு மாதிரி ஒரு தூசிப் போர்வை! அப்படியே ஒரே துண்டாக உரிந்து வந்தது. அது இருக்கும்வரை கீழிருந்து ஸ்டாண்ட் எவ்வளவு ஊதினாலும் உள்ளே இருக்கிற சூடு வெளியே போக வழியே இல்லை. ஊதிச் சுத்தம் செய்கிறவர்கள் ஃபேன் இறக்கையைப் பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், வெளிக்காற்றில் அதிவேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடலாம், மோட்டாரே சின்ன ஜெனரேட்டராகி போர்டுக்குள் கரண்ட்டும் அனுப்பும். சூட்டைக் கடத்துவதற்காகச் சிப்புக்கு மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட், டப்பாவில் காய்ந்துபோன வெற்றிலைச் சுண்ணாம்பு போல உதிர்ந்தது. அதை மட்டும் நான் தொடாமல் வேறொரு கடையில் கொடுத்து மாற்றினேன், முந்நூறு ரூபாய் ஆனது.

இன்னொன்று, மகளுக்கு லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்துப் பார்க்கிற பழக்கம். காற்று உள்ளே போகிற துவாரமே அடியில்தான் இருக்கிறது. அதற்கு நான் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டோ மூடி சரியாக மூடாமலோ இருந்தால் அது பேட்டரி வீக்கம், அந்த நிமிடமே பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும், வீட்டு வைத்தியமெல்லாம் அதற்குக் கூடாது.

2011-லிருந்து அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் மூன்று எங்கள் தெருவிலேயே இன்னும் ஓடுகின்றன, எல்லாவற்றிலும் யாராவது ஒரு பிள்ளை வகுப்பு பார்க்கிறது. அந்த வீடுகளில் புதிது வாங்குங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அதனால் அடுத்த முறை இந்த மாதிரி கட்டுரை போடும்போது ஏசிக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள், படத்தோடு போட்டால் இன்னும் நல்லது. அந்தத் தூசிப் போர்வையை ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
வேலூர்