மெஷினைப் பரணிலிருந்து இறக்கு, பாபு

தண்டையார்பேட்டை,
வியாழக்கிழமை

அன்புள்ள பாபு,

மணலி அத்தை வீட்டு கிரகப்பிரவேசம் நல்லபடியா முடிஞ்சுது. அதைப் பத்தி அப்புறம் எழுதுறேன். சுமதியைக் கோவிச்சுக்காதே, அவ ஒண்ணும் சொல்லல. பாப்பாதான் போன்ல, "அப்பாவோட மூக்கு மெஷின் பரண்ல இருக்கு"ன்னுச்சு.

கண்ணு, உனக்கு இருக்குறது ஸ்லீப் அப்னியா, தூக்கத்துல மூச்சு தடைபடுற வியாதி. மணிக்கு 34 தடவை தடைபடுதுன்னு ரிப்போர்ட்ல இருக்கு. 30 தொட்டாலே தீவிரம்தான். பல் டாக்டர்கிட்ட தாடைக்கு கிளிப் செஞ்சுக்கலாமான்னு கேட்டியாமே. அது கீழ்த்தாடையை முன்னால தள்ளி நாக்குக்குப் பின்னாடி வழி விடும். லேசான, நடுத்தர நிலைக்கும், மெஷின் அறவே ஒத்துக்காதவங்களுக்கும்தான் அதைக் குடுப்பாங்க. உள்நாக்கை வெட்டுற ஆபரேஷன் உன் அளவுக்குக் கேட்கும்னு உறுதியில்லை. எடை குறைக்கிற டிர்ஸெபடைட் ஊசிக்கு, உடம்பு கனத்தவங்களோட இந்த வியாதிக்குன்னு 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. ஆனா எடை இறங்க மாசக்கணக்காகும். இன்னிக்கு ராத்திரி உன் தொண்டையைத் திறந்து வைக்கிறது அந்த மூக்கு மெஷின், சி-பாப், மாஸ்க் வழியா அழுத்தி அனுப்புற காத்துதான்.

காத்து கண்ணுல அடிக்குதுன்னு மாஸ்க் ஸ்ட்ராப்பை இறுக்கியிருப்பே. இறுக்க இறுக்க சிலிகான் மடங்கி இன்னும் கசியும், மூக்குத் தண்டுல புண்ணும் வரும். படுத்துக்கிட்டு மெஷினை ஓடவிடு. ஸ்ட்ராப்பைத் தளர்த்தி, மாஸ்க்கை லேசா தூக்கித் திரும்ப உட்கார வை, காத்துல உப்பி முகத்தோட ஒட்டும். அப்புறம் கசிவு நிக்கிற வரைக்கும் மட்டும் ரெண்டு பக்கமும் சமமா இழு. முகத்தை எண்ணெய் போகக் கழுவிட்டுப் போடு. தாடியை எடுத்துடு.

காலைல வாய் வறண்டிருந்தா வாய் வழியா காத்து போகுதுன்னு அர்த்தம், வாயையும் மூடுற மாஸ்க் கேளு. வாய்ல டேப் ஒட்டாதே. குழாய்ல தண்ணி கோத்து மூஞ்சில தெறிச்சா, அது ஏசி குளிர். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வா வச்சு, குழாயைப் போர்வைக்குள்ள விடு. மெஷினோட தண்ணி டப்பால டிஸ்டில்ட் வாட்டர்தான், தினம் மாத்தணும். போர் தண்ணி ஊத்தினா உப்புப் படியும். மூச்சு முட்டினா ரேம்ப் போடு, காத்தழுத்தம் 4ல ஆரம்பிச்சு மெல்ல உன்னோட 11க்கு ஏறும். சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகு. மல்லாக்கப் படுக்காதே. சனிக்கிழமைப் பழக்கம் தொண்டைச் சதையை இன்னும் தளர்த்திடும், அது உனக்கே தெரியும்.

எவ்வளவு பெரிய மோட்டாரைப் பிரிச்சுக் கோர்க்கிற கை! ஃபேக்டரியே உன்னைத்தான் கூப்பிடுதுன்னு தெருவெல்லாம் சொல்லியிருக்கேன். ஒரு ஸ்ட்ராப்புக்குப் பொறுமை இல்லையா? தாடியை எடுத்துடு, சொல்லிட்டேன்.

உங்கப்பா குறட்டையை, "அசந்து தூங்குறார்"னு நானேதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். நடுவுல சத்தம் அப்படியே நின்னுபோகும். வார்டுல யார் யாருக்கோ மூச்சை எண்ணினவ, அந்தப் பத்து விநாடியை வீட்டுல எண்ணல. எண்ணியிருக்கணும், பாபு.

பொங்கலுக்கு வந்தப்ப வண்டியோட இடது கதவு நசுங்கியிருந்துச்சு. பார்க்கிங்ல இடிச்சதுன்னே. நானும் சரின்னுட்டேன்.

ஞாயித்துக்கிழமை வண்டியை எடுக்காதே. சேலத்துல ரயிலேறி வா. மெஷினையும் பையில கொண்டா, படுக்கவச்சு நானே மாட்டிப் பார்க்கிறேன்.

அம்மா